−3 − 5 = 8: முக்கூடல் வட்டாரத்து மாணவி ஒருத்தியின் கணக்கைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவள் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் மாலை வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்பு மாணவி. பெயர் இங்கே தேவையில்லை. வாய்ப்பாட்டிலோ சாதாரணக் கூட்டல் கழித்தலிலோ அவள் தடுமாறுகிறவள் அல்லள். நான்கு இலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழிப்பதில் உடன் படிப்பவர்கள் பலரையும் முந்திவிடுவாள். குறை எண்கள் பாடத்துக்கு வந்த பிறகுதான் கணக்கில் அவளுடைய மதிப்பெண் பாதியாகச் சரிந்தது. அவளை அழைத்து வந்த ஆச்சி அதற்குக் கவனக்குறைவைக் காரணம் சொன்னார்: “மத்ததெல்லாம் நல்லாத்தான் படிக்கா, கணக்குல மட்டும் நெனப்பு எங்கனயோ போயிருது.” பள்ளித் தாளின் ஓரத்திலும் ‘கவனம் தேவை’ என்றுதான் எழுதியிருந்தது.

தாளைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது இதற்கு நேர் எதிரானது. கவனக்குறைவால் வரும் பிழைகளுக்கு ஒழுங்கு இராது; இங்கே பிழைகள் ஓர் ஒழுங்கோடு வந்திருந்தன.

தாளில் இருந்த விடைகள்

எட்டுக் கணக்குகளில் நான்கு சரி. 7 + (−3) = 4, −7 + 3 = −4, 2 + (−9) = −7, 4 − (−6) = 10 என்பவை அவை. தவறிய நான்கில் −3 − 5க்கு 8 என்றும், −7 + (−2)க்கு 9 என்றும், 2 − 9க்கு 7 என்றும், −4 − (−6)க்கு −10 என்றும் எழுதியிருந்தாள்.

எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் தயங்காமல் பதில் சொன்னாள்: “ரெண்டு மைனஸ் கிடக்குல்லா அக்கா, அப்பம் பிளஸ்தான?” கணக்கின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, இரண்டு கழித்தல் குறிகளைக் கண்டால் அவற்றை அழித்துவிட்டு எண்களைக் கூட்டுவது அவளுடைய முறை. −3 − 5இல் ஒரு குறி முன்னால் நிற்கிறது, மற்றொன்று நடுவில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்து 8 ஆக்கிவிட்டாள். −4 − (−6)இல் மூன்று குறிகள் உண்டு. இரண்டை அழித்து, 4ஐயும் 6ஐயும் கூட்டி, மிஞ்சிய ஒன்றை விடையின் முன்னால் வைத்தால் −10 கிடைக்கும். முறை தவறானது என்றாலும், அதை அவள் தவறாமல் பின்பற்றியிருக்கிறாள்.

இந்த ஊகத்தைச் சோதிக்க −6 − 1, −1 + (−1), −2 − (−9), 5 − (−5) ஆகிய நான்கையும் கொடுத்தேன். அவள் எழுதத் தொடங்கும் முன்பே 7, 2, −11, 10 என்று என் தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். நான்கும் பொருந்தின. அவற்றில் 10 சரியான விடை என்பதையும் கவனிக்க வேண்டும். 4 − (−6), 5 − (−5) போன்ற கணக்குகளை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தினால் இவள் முழு மதிப்பெண் வாங்கிவிடுவாள். பிழையும் வெளியே தெரியாது. குறை எண்களில் ஒரு குழந்தை எதைப் புரிந்துகொண்டிருக்கிறது என்று அறிய விரும்பும் ஆசிரியர் −3 − 5ஐக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

2 − 9 = 7 என்பது வேறு வகைப் பிழை. அதே தாளில் 2 + (−9)க்குச் சரியாக −7 எழுதியவள் 2 − 9க்கு 7 எழுதியிருக்கிறாள் என்றால், இரண்டும் ஒரே கணக்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் −9 அண்மையில் வந்த புதிய பொருள். அடைப்பு இல்லாத 2 − 9 தொடக்கப் பள்ளியிலிருந்து பழகிய கழித்தல். அங்கே பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பதுதான் வழக்கம், எது முன்னால் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

விதி வந்த வழி

தமிழ்நாட்டுப் பாடநூலில் முழுக்கள் (குறை எண்களையும் சேர்த்த முழு எண்கள்) ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் அறிமுகமாகின்றன. ஏழாம் வகுப்பின் முதல் பருவத்தில், முதல் இயலிலேயே, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்ற விதி, கூட்டலும் கழித்தலும் மனத்தில் படிவதற்கு முன்பே காதில் விழுகிறது. சுருக்கமாக இருப்பதால் முதலில் நினைவில் தங்குவதும் அதுவே. ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ என்று பாட்டுப்போலச் சொல்லிக்கொடுக்கும்போது, ‘பெருக்கினால்’ என்ற சொல்தான் முதலில் உதிர்கிறது. கழித்தலில் இந்த வாய்பாட்டுக்கு ஓர் இடம் உண்டு என்பது உண்மைதான்: 4 − (−6)இல் இரண்டு குறிகளுக்கும் இடையில் எண் எதுவும் இல்லை, ஒரு குறி மற்றொன்றின் மேல் செயல்படுகிறது. −3 − 5இல் இரண்டு குறிகளும் வெவ்வேறு எண்களின் முன்னால் தனித்தனியே நிற்கின்றன, ஒன்று மற்றொன்றைத் தொடவே இல்லை.

கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்த விதிகள் செல்வம், கடன் என்ற பெயர்களில் வருகின்றன. இரண்டு கடன்களைக் கூட்டினால் கடன். கடனும் செல்வமும் சேர்ந்தால் அவற்றின் வேறுபாடு. இரண்டும் சமமானால் பூச்சியம். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்பது தனியே பெருக்கலுக்கு உரிய விதி. இரண்டு கடன்களைக் கூட்டுவதும் பெருக்குவதும் எதிரெதிரான விடைகளைத் தரும் என்பதை அவர் பிரித்தே வைத்திருக்கிறார். நம் மாணவி தவறியது சரியாக அந்த இடத்தில்தான்.

கழித்தல் குறி ஒரே உருவத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2 − 9இல் அது ஒரு செயல். −9இல் அது எண்ணின் சொந்தக் குறி. −(−6)இல் அது ‘இதன் எதிர் எண்’ என்று சொல்கிறது. மூன்றும் கடைசியில் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பது கணிதத்தின் அழகுதான், ஆனால் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு அது குழப்பம். (குறியின் உருவத்தில் புனிதம் ஒன்றும் இல்லை. பழைய இந்தியக் கணிதச் சுவடியான பக்சாலிச் சுவடியில் குறை எண்ணைக் காட்டுவதற்கு இன்றைய கூட்டல் குறியைப் போன்ற குறியே எழுதப்பட்டிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரர் எண்ணின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தார்.)

முதலில் செய்து பார்த்தது

தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் தேய்த்து வைத்திருக்கும் புளியங்கொட்டைகள் கையில் இருந்தன. தேய்க்காத பழுப்புப் பக்கம் +1, தேய்த்த வெள்ளைப் பக்கம் −1. ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தால் பூச்சியம். சீனத்தில் பழங்காலத்தில் மிகை எண்களுக்குச் சிவப்புக் குச்சிகளும் குறை எண்களுக்குக் கறுப்புக் குச்சிகளும் வைத்துக் கணக்கிட்டதும் ஏறத்தாழ இதே முறைதான். கூட்டலுக்கு இது உடனே பயன்பட்டது. −7 + (−2)க்கு ஏழு வெள்ளையோடு இரண்டு வெள்ளையைச் சேர்த்துவிட்டு, பழுப்பு ஒன்றுகூட இல்லாத குவியலை அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு 9ஐ அடித்துவிட்டு −9 என்று எழுதினாள்.

கழித்தலில் சிக்கல் வந்தது. 3 − (−2)க்கு மூன்று பழுப்பிலிருந்து இரண்டு வெள்ளையை எடுக்க வேண்டும், ஆனால் அங்கே வெள்ளை ஒன்றும் இல்லை. இரண்டு பூச்சியச் சோடிகளைக் குவியலில் போட்டுவிட்டு, பிறகு அவற்றிலுள்ள வெள்ளையை எடுத்தால் ஐந்து பழுப்பு மிஞ்சும். கணக்கு சரிதான். ஆனால் இல்லாததை நாமே போட்டு நாமே எடுப்பதை அவள் ‘அழுகுணி ஆட்டம்’ என்று சொல்லிவிட்டாள். இந்தச் சோடி முறை, கணக்கு ஏற்கெனவே தெரிந்த பெரியவர்களைத் திருப்திப்படுத்தும் அளவுக்குக் குழந்தைகளைத் திருப்திப்படுத்துவதில்லை என்பது என் கருத்து. பாடநூல்களில் வழக்கமாக வரும் உறைபனி வெப்பநிலையை நான் எடுக்கவே இல்லை. முக்கூடல் வெயிலில் இருக்கும் பிள்ளைக்கு பூச்சியப் பாகை செல்சியஸும் தாளில் மட்டுமே இருக்கும் ஓர் எண்.

பீடிக் கணக்கு நோட்டு

அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். கடையில் கொடுக்கும் இலை, சொன்ன எண்ணிக்கைக்குப் பற்றாமல் போகும் வாரங்களில் வெளியில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டியிருக்கும். இடையில் வாங்கும் முன்பணமும் உண்டு. இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருவது மகள்தான். ‘பற்று’ ஒரு பக்கம், ‘வரவு’ மறுபக்கம். முன்பணம் 250, இலை வாங்கியதில் 80 என்று இருக்கும் வாரத்தில் அவள் நொடியும் தாமதிக்காமல் “330 குடுக்கணும்” என்று சொல்லிவிடுவாள். −250 − 80 என்ற கணக்கை அவள் எத்தனையோ தடவை சரியாகவே செய்திருக்கிறாள் என்று பொருள்.

அதையே தாளில் −250 − 80 என்று எழுதிக் கொடுத்தபோது 330 என்றே விடை எழுதினாள், அதில் முரண்பாடு எதையும் அவள் காணவில்லை. காரணம் நோட்டிலேயே இருந்தது. நோட்டிலும் 330 என்றுதான் எழுதியிருக்கிறது. அது கடன் என்பதைக் குறி சொல்வதில்லை, எழுதியிருக்கும் பக்கம் சொல்கிறது. பற்றுப் பக்கம் முழுவதற்கும் கழித்தல் குறி ஒன்று எழுதப்படாமலே இருக்கிறது. இரண்டு பக்கங்களையும் ஒரே வரியில் கொண்டுவந்தால் அந்தக் குறியை ஒவ்வோர் எண்ணின் முன்னும் எழுத வேண்டிவரும். ஒரு வாரக் கணக்கை அப்படி ஒரே வரியில் எழுதச் சொன்னேன்: கூலி 450, முன்பணம் 250, இலை 80, ஆக 450 + (−250) + (−80) = 120. அதை எழுதி முடித்தபோது −3 − 5க்கு விடை −8 என்று கேட்காமலே திருத்திக்கொண்டாள்.

கடனைக் கழிப்பதைக் காட்டும்போது எச்சரிக்கை தேவை. ‘கடனைக் கழித்தால் கூடும்’ என்று சொல்லிக்கொடுப்பது பலருக்கும் வழக்கம், ஆனால் கடனை நம் பணத்தைக் கொடுத்து அடைத்தால் நிலை கூடுவதில்லை. கையில் 4,000 ரூபாயும் 6,000 ரூபாய் கடனும் இருந்தால் நிலை −2,000. அதில் 1,000 ரூபாயைக் கட்டினால் கையில் 3,000, கடன் 5,000. நிலை அதே −2,000. குழந்தை வீட்டில் காண்பது பெரும்பாலும் இந்த வகைக் ‘கழித்தல்’ என்பதால், விடை கூடுவது அவளுக்குப் பொய்யாகவே படும், அப்படிப் படுவது நியாயமும்கூட. கடன் கதையில் குறை எண்ணைக் கழிப்பதற்குச் சரியான இணை தள்ளுபடி மட்டுமே. கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தகுதியுள்ளவர்களுக்குத் தள்ளுபடி செய்வதாகத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது ஆச்சிக்கு நன்றாக நினைவிருந்தது. பணம் கட்டாமலே கடன் போய், சங்கிலி வீட்டுக்கு வந்துசேர்ந்ததை அவர் பேத்திக்கு விரிவாகச் சொன்னார். மேற்கண்ட கணக்கில் 6,000 ரூபாய் கடன் முழுதும் தள்ளுபடியானால் −2,000 − (−6,000) = 4,000. கையில் இருப்பதும் அதே 4,000 என்பதால் விடையை அவளே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

அணையின் நீர்மட்டம்

அப்படியும் −4 − (−6) நிற்கவில்லை. தள்ளுபடிக் கதையோடு செய்தால் சரியாக வரும், கதை இல்லாமல் வெறும் எண்களாகக் கொடுத்தால் −10க்கே திரும்பிவிடும். கழித்தலை ‘எடுத்துவிடுவது’ என்று மட்டும் அவள் அறிந்திருந்ததுதான் இதற்குக் காரணம் என்று நினைத்தேன். கழித்தலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வேறுபாடு.

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஊர்களில் கார் சாகுபடிக்கு முன்னாலும் அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு முன்னாலும் ‘டேம்ல எத்தன அடி கிடக்கு’ என்பது தேநீர்க் கடையில் கேட்கும் முதல் கேள்வி. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி. நான் செய்ததெல்லாம், அந்த 143ஐப் பூச்சியம் என்று பெயர் மாற்றிக்கொண்டதுதான். அணை நிரம்பினால் 0; 121 அடி இருந்தால் −22; 126 அடி இருந்தால் −17. நேற்று 121, இன்று 126 என்று வைத்துக்கொண்டால் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது? 126 − 121 = 5. பூச்சியத்தை எங்கே வைத்தாலும் அணையில் ஏறிய நீர் மாறாது, ஆகவே −17 − (−22)க்கும் 5தான் வந்தாக வேண்டும். இங்கே விதி எதையும் நம்ப வேண்டியதில்லை. எந்தக் கணக்கையும் குறையே இல்லாத எண்களுக்கு மாற்றிச் செய்து பார்த்துக்கொள்ளலாம். −4 − (−6) என்பது 139 − 137, விடை 2.

என் அனுபவத்தில் குறை எண்ணைக் கழிப்பதற்கு இதைவிட நல்ல வழி வேறில்லை. கடன் கதையில் ஆசிரியரின் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது; இங்கே மாணவி தன்னிடம் ஏற்கெனவே உள்ள கணக்கைக் கொண்டே விடையைச் சோதிக்கிறாள்.

இதில் ஓர் இடறலும் உண்டு. பேச்சில் நேற்று முன்னால் வரும், இன்று பின்னால் வரும். அந்த வரிசையிலேயே அவள் −22 − (−17) என்று எழுதி, −5 என்று விடை கண்டு, “ஏறித்தான இருக்கு, எதுக்கு மைனஸ் வருது?” என்று கேட்டாள். கேள்வி நல்ல கேள்வி. வந்து சேர்ந்த மட்டத்திலிருந்து புறப்பட்ட மட்டத்தைக் கழிக்க வேண்டும் என்பதை அவளே 126, 121 என்று மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இந்த இடறலே 2 − 9க்கும் வழி திறந்தது. 100 அடியைப் பூச்சியமாக வைத்தால் 109 அடி 9 ஆகும், 102 அடி 2 ஆகும். நேற்று 9, இன்று 2 என்றால் நீர் 7 அடி இறங்கியிருக்கிறது, ஆகவே −7. எது முன்னால் நிற்கிறது என்பது விடையை மாற்றும் என்று அவள் முதன்முறையாக உணர்ந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அணைக் கணக்குக்கு எல்லையும் உண்டு. மட்டம் ஒன்றிலிருந்து மட்டம் ஒன்றைக் கழித்தால் மாற்றம் கிடைக்கும். மட்டத்தோடு மாற்றத்தைக் கூட்டினால் புதிய மட்டம் கிடைக்கும். மட்டத்தோடு மட்டத்தைக் கூட்டினால் எதுவும் கிடைக்காது: நேற்றைய 121 அடியையும் இன்றைய 126 அடியையும் கூட்டி 247 அடி என்று யாரும் சொல்வதில்லை. எனவே −7 + (−2)ஐ அணையில் வைத்துச் சொல்லும்போது முதல் எண் மட்டம், இரண்டாவது எண் இறக்கம் என்று பிரித்தே சொல்ல வேண்டும்: நிரம்புவதற்கு 7 அடி குறைவாக இருந்த அணை மேலும் 2 அடி இறங்கியது. இரண்டுமே தொகைகளாக இருக்கும் கூட்டலுக்குப் பீடி நோட்டே பொருத்தம். ஒரே உவமையை எல்லாக் கணக்குக்கும் இழுத்துச் செல்வதைவிட, எந்தக் கணக்குக்கு எது பொருந்தும் என்று அவளே தேர்ந்தெடுக்க விடுவதுதான் பலன் தந்தது.

பின்னர் நடந்தது

அடுத்த பருவத் தேர்வுக்கு முன்னால் முதல் தாளின் எட்டுக் கணக்குகளையும் வரிசை மாற்றிக் கொடுத்தேன். எட்டும் சரியாக வந்தன. −4 − (−6)க்குப் பக்கத்தில் 139 − 137 என்று பென்சிலால் எழுதி அழித்த தடம் இருந்தது. ஆனால் நேரம் குறித்து வேகமாகச் செய்யச் சொன்னபோது 3 − 8க்கு 5 என்று எழுதினாள். 0 − 8க்கு 8 என்றே எழுதினாள். ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ விலகிவிட்டது, ‘பெரியதிலிருந்து சிறியது’ விலகவில்லை. பின்னது பல ஆண்டுப் பழக்கம் என்பதால் அது அவ்வளவு எளிதில் போகும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. இப்போதைக்கு ஒரே ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம்: விடையை எழுதும் முன், அது பூச்சியத்துக்கு எந்தப் பக்கம் விழும் என்று வாயால் சொல்லிவிட வேண்டும். 0 − 8ஐப் பார்த்து அவள் இப்போது “கீழ” என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறாள்.

இயற்கணிதத்தில் 10 − (x − 2) போன்ற கோவைகள் வரும்போது அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புகளின் மேலும் செயல்பட வேண்டும். 10 − x − 2 என்று எழுதிவிடும் பிழை அங்கே மிகப் பரவலானது. அந்தப் பாடத்துக்கு அவள் வரும்போது xக்கு 5 என்று கொடுத்து இரண்டு கோவைகளையும் செய்து பார்க்கச் சொல்வதாக இருக்கிறேன். முதலாவது 7 தரும், இரண்டாவது 3 தரும்.